மஞ்சள் சுட்ட தழும்பு

என் தம்பி சிவசுப்பிரமணியத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷமாகிவிட்டது. பேச்சுத்தான் நின்றதே தவிர திட்டு நிற்கவில்லை. அவனைத் திட்டுவதற்கென்றே என்னிடம் ஒரு எருமை இருந்தது.

எங்கள் பக்கத்தில் பேச்சு முறிந்தவர்கள் முகத்துக்கு நேரே திட்டிக்கொள்ள மாட்டார்கள். அது மானக்கேடு. ஆட்டையோ கோழியையோ முன்னால் நிறுத்திக்கொண்டு, அடுத்த வாசலுக்குக் கேட்கிற மாதிரி அதைத் திட்டுவார்கள். சாடை பேசுவது என்று அதற்குப் பேர். கேட்கிறவனுக்கு அது தனக்குத்தான் என்று தெரியும். ஆனால் என்னையா சொன்னாய் என்று சண்டைக்கு வர முடியாது. வந்தால் தானே எருமை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அவனிடம் ஆடுமாடு கிடையாது. அதனால் அவன் மெஷினைத் திட்டுவான். எங்கள் அப்பா முதன்முதலில் வாங்கிய நிட்டிங் மெஷின் ஒன்று அவன் பங்குக்குப் போயிருந்தது. எத்தனை எண்ணெய் விட்டாலும் கடகடவென்று கத்தும். "ஏ ஓட்டை மெஷினு, வாய மூடு" என்று அவன் அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டால் அது எனக்கு.

இந்தச் சண்டை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு பனியன் கம்பெனியை இரண்டாகப் பிரித்து ஷெட்டுக்கு நடுவே சுவர் வைத்தோம். என் வீட்டுக்காரர் அதற்கு முந்தைய வருஷம்தான் தவறியிருந்தார். எனக்குக் குழந்தை குட்டி கிடையாது. என் பங்கு மெஷின்களை நானே ஓட்டுகிறேன் என்றேன். எழுத்து வேலை முடிந்து, பெரிய மனிதர்கள் நாலு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இவன் சொன்னான்: "காலங்காத்தால இவ மூஞ்சியில முழிச்சா மெஷின் ஓடுமா? தாலியறுத்த மூஞ்சி. போதாததுக்கு அம்மைத் தழும்பு வேற."

என் முகம் முழுக்க அம்மை வடு. சின்ன வயதில் வந்தது. அது எனக்குத் தெரியாதா? கண்ணாடி என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்து வளர்த்தது இந்த முகம்தான். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலைத் தாண்டினேன். இவன் முகத்தைப் பார்ப்பதில்லை, இவனோடு வாய் திறந்து பேசுவதில்லை என்று சிவன்மலை முருகன் மேல் ஆணையிட்டேன். அடுத்த சந்தையில் எருமை வாங்கினேன்.

சண்டை தொடங்கிப் பல வருஷம் கழிந்து, ஒரு பங்குனியில் ஊருக்குள் பெரியம்மை வந்தது. நொய்யல் கரைப் பக்கம் இரண்டு வீடுகளில் வேப்பிலை கட்டினார்கள். உடனே முனிசிபாலிட்டியிலிருந்து அம்மை குத்துகிறவரை அனுப்பினார்கள். கியாசுதீன் என்று பேர். கணியூர்ப் பக்கத்துக்காரர். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்தை வைத்து, சைக்கிள் ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு கம்பெனி கம்பெனியாக வந்தார். முதலில் என் பக்கம் வந்தார். என் ஆட்களுக்கெல்லாம் குத்திவிட்டு என்னிடம் வந்து முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு வேண்டீதில்லீங்கம்மா. ஒருக்கா வந்துட்டா மறுக்கா வராதுங்க."

"அப்ப இந்த மூஞ்சிக்கும் ஒரு நல்லது உண்டுங்கறீங்க."

அவர் ஸ்பிரிட் விளக்கை அணைத்தார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நான் எருமைக்குச் சோளத்தட்டு போடுகிற சாக்கில் சுவரோரம் போய் நின்றேன்.

தம்பி பெண்டாட்டி கமலாம்பாள் முதல் ஆளாகக் கையை நீட்டியது வளையல் சத்தத்திலேயே தெரிந்தது. அவள் அப்படித்தான், புருஷனைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மெஷின் ஓட்டுகிற சாமியப்பன் மட்டும் வரவில்லை. கொமரலிங்கத்துக்காரன், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன், நூல் குடோனுக்குப் பின்னால் இருக்கிற அறையிலேயே படுத்துக்கொள்கிறவன். குத்துகிறவர் வந்தது தெரிந்ததும் அவன் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டானாம். ஐம்பது வயது தாண்டிய ஆள்.

கடைசியில் என் தம்பியின் முறை.

"முதலாளி, கைய நீட்டுங்க."

"எனக்கெதுக்குங்க? சின்னதுலயே குத்தியாச்சு. இதா, தழும்பு பாருங்க."

"தழும்பு இருக்குதுங்க. ஆனா அப்பக் குத்துனது இத்தன வருசம் தாங்காதுங்க. வயசானவங்க கட்டாயம் மறுக்காக் குத்திக்கோணுங்க. உங்க வயசுல வந்தா உசுரத்தான் கேக்கும்."

"ஆரப் பாத்து வயசானவன்ங்கறே? ஒருக்காக் குத்துனா ஆயுசுக்கும் போதும். அவிநாசியில அம்மாயி ஊட்டுல வெச்சுக் குத்துனதுன்னு எங்கம்மா எத்தன தடவ சொல்லியிருக்கா. நீ போயி ஆளுகளுக்குக் குத்து, போ!"

சைக்கிள் நகர்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எருமையின் முதுகைத் தட்டிக்கொண்டு சத்தமாகவே சிரித்தேன்.

ஏனென்றால் எங்கள் அம்மா சொன்னது சுத்தப் பொய். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது இசிவு வந்தது. எங்கள் வீடுகளில் அதற்கு ஒரே வைத்தியம்தான். மஞ்சள் துண்டை விளக்கில் சுட்டு, கனிந்ததும் உடம்பில் ஒரு வை வைப்பார்கள். அம்மா அவன் புஜத்தில் வைத்தாள். காலைப் பிடித்துக்கொண்டது நான். அவன் உதைத்த உதையில் மஞ்சள் அம்மாவின் விரலிலிருந்து தெறித்து என் உள்ளங்கையில் விழுந்தது. எனக்கும் ஒரு தழும்பு. நான் அழுததை யாரும் கவனிக்கவில்லை. ஆண்பிள்ளைக்கு இசிவு நின்றதா என்றுதான் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் அம்மை குத்துகிறவன் தெருவுக்குள் வந்தான். குத்தினால் காய்ச்சல் வரும், பிள்ளைக்கு மறுபடி இசிவு வந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். தம்பியின் புஜத்துத் தழும்பைக் காட்டி, அவிநாசியில் பாட்டி வீட்டில் குத்தியாயிற்று என்றாள். புண் ஆறி வட்டமாக இருந்தது. குத்துகிறவன் நம்பிவிட்டுப் போனான். எனக்குக் காட்ட புஜத்தில் தழும்பு கிடையாதே! அதனால் என்னைத் தறிக்குழிக்குள் இறக்கி மேலே பாயைப் போட்டு மூடினாள். எங்கள் வீட்டில் அப்போது கைத்தறிதான்.

பிறகு ஒரு வருஷம் அம்மை வந்தது. தறிக்குழிக்குள் ஒளித்தவளைத் தேடிப் பிடித்தது. என்னை வேப்பிலையில் கிடத்திவிட்டு, தம்பியை அன்றைக்கே அவிநாசிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண்பிள்ளை அல்லவா! நான் பிழைத்தேன், முகம் பிழைக்கவில்லை. அம்மா தான் சொன்ன பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். அவனும் நம்பினான். எனக்கு அதைத் திருத்த வேண்டிய அவசியம் வரவில்லை. சண்டை வந்த பிறகு பேச்சும் இல்லை.

ஆக, சூட்டுத் தழும்பைக் காட்டி முனிசிபாலிட்டியை விரட்டுகிறானே என்றுதான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மூன்றாம் நாள் நின்றுபோயிற்று.

சாமியப்பன் மெஷினுக்கு முன்னாலேயே சுருண்டு விழுந்தான். அதற்கு முன்பே காய்ச்சல் இருந்ததாம், சொல்லாமல் ஓட்டியிருக்கிறான். குனிந்து பார்த்தபோது நெற்றியிலும் கையிலும் முத்து கிளம்பியிருந்தது. "ஆத்தா வந்துட்டா!" என்று ஒருத்தன் கத்தினான். மெஷினை நிறுத்த பெல்ட்டைக் கூடத் தள்ளாமல் எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஆளில்லாத மெஷின்கள் கொஞ்ச நேரம் தானாக ஓடின.

அப்போது என் தம்பியின் குரல் கேட்டது. ஊருக்கே கேட்கிற குரல்.

"ஓடுங்கடா ஓடுங்க! நான் குத்திக்கிட்டவன். எனக்கொண்ணும் ஆகாது. நானே பாத்துக்கறேன்!"

சாமியப்பனைத் தோளோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் அறையில் படுக்க வைத்தான். மாலைக்குள் தெரு முழுக்க இதே பேச்சு. தொழிலாளியைத் தொட்டுத் தூக்கிய முதலாளி! நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதைச் செய்தவன் மடையன் என்பதுதான் தொல்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் பயம்தான். இவன் செத்துப் போவான். இவன் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மெஷின் ஊசி ஒடிய வேண்டும், நூல் விலை ஏற வேண்டும், வெள்ளைப் பனியனில் எண்ணெய்க் கறை விழ வேண்டும் என்றெல்லாம் மனசாரச் சபித்திருக்கிறேன். சாக வேண்டும் என்று சபித்ததில்லை. அதுவும் பெரியம்மையில் போனவர்களுக்கு எங்கள் பக்கம் வாய்விட்டு அழக் கூடாது, ஆத்தாளுக்கு ஆகாது. வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். அவனுக்காக நான் சேர்த்து வைத்திருக்கிற திட்டையும் திட்ட முடியாமல், அழவும் முடியாமல், பிணத்துக்கு முன்னால் ஊமையாக நிற்கச் சொல்கிறானா?

மறுநாள் காலை அவன் இளநீரோடு அறைக்குப் போகிற நேரம் பார்த்து எருமையை அவிழ்த்துச் சுவரோரம் கொண்டுவந்தேன்.

"ஏ எருமை! உனக்கு அம்மையே குத்துல, தெரிஞ்சுக்க! உன்ற புஜத்துல இருக்கறது சூட்டுத் தழும்பு! மஞ்சளச் சுட்டு வெச்சது! அத நம்பீட்டு முத்துப் போட்டவனப் போயிக் கட்டிப் புடிக்காதே!"

என் பக்கத்து ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அங்கேதான் காரியம் கெட்டது. மாட்டுக்குத்தான் சூடு போடுவார்கள். எருமையைப் பார்த்துச் சூட்டுத் தழும்பு என்று சொன்னால், இத்தனை வருஷம் நான் திட்டிய திட்டிலேயே பெரிய திட்டாகத்தான் அது கேட்கும். நான் உயிரைப் பற்றிப் பேசுகிறேன் என்று யார் நினைப்பார்கள்?

அந்தப் பக்கம் இளநீரை டொக்கென்று கீழே வைத்தான். ஓடாமல் நிற்கிற மெஷினைப் பார்த்துக் கத்தினான்.

"ஏ ஓட்டை மெஷினு! செத்துப்போன எங்கம்மா மேலயே பொய்யிங்கறயா? சூடு வெச்ச மாடுங்கறயா என்னைய? ஒரு மனுசன் நல்ல காரியம் பண்ணுனா உனக்குப் பொறுக்குலயா? துருப்புடிச்சுச் சாவு!"

பிறகு வேண்டுமென்றே இன்னும் சத்தமாக, "சாமியப்பா, பயப்படாதே! நான் உங்கூடத்தான் இருக்கப் போறேன்!" என்று உள்ளே போனான். நான் சொல்லாமல் இருந்திருந்தால் இளநீரை வைத்துவிட்டு வந்திருப்பான். இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

எருமையைக் கட்டிவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே கியாசுதீன் வாத்தியார் மேஜையைப் போட்டு வரிசையாகக் குத்திக்கொண்டிருந்தார். வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், மஞ்சள் கதையைச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "அன்னிக்கே எனக்குச் சந்தேகந்தானுங்க. அம்மை குத்துன தழும்பு சின்னச் சின்னக் குழியா இருக்கும். அவருது மழுமழுன்னு இருந்துச்சு. சத்தம் போடவும் உட்டுட்டேன்."

"சத்தம் போட்டா உட்டுருவீங்களா? அப்பறம் என்ன மயித்துக்குங்க இந்த பிளாஸ்க்கும் சைக்கிளும்?"

வரிசையில் நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எப்பத் தொட்டுத் தூக்குனாருங்க?"

"நேத்து."

"அப்பத் தப்பிக்க வழி இருக்குதுங்க. தொட்டு மூணு நாளுக்குள்ள குத்தீட்டா அம்மை முந்தாம மருந்து முந்திக்கும். ஆனா பலவந்தமாக் குத்த முடியாதுங்களே. நீங்க சொல்லிச் சம்மதிக்க வைங்க, நான் வாறேன்."

"எங்களுக்குள்ள பேச்சில்லீங்க."

"ஊருக்கே தெரியுமுங்க. அதுக்காக இதையும் எருமை கிட்டயே சொல்லீட்டு இருப்பீங்களா?"

சொல்லிவிட்டேனே, அதுதானே கஷ்டம்! அவரை முறைத்தேன். அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழி நெடுக முருகனிடம்தான் சண்டை போட்டேன். ஆணை உன் மேல்தான், உடைப்பதும் நான்தான், கோபம் வந்தால் என்னிடம் காட்டு, பன்னீர் காவடி எடுத்துச் சமாதானம் பண்ணிக்கொள்கிறேன், இப்போது குறுக்கே வராதே என்றேன்.

சுவர் வைத்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவன் கேட்டைத் தாண்டினேன். கமலாம்பாள் என்னைப் பார்த்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் கேட் வரைக்கும் வந்து நின்றார்கள். உள்ளே வரும் தைரியம் ஒருவனுக்கும் இல்லை. வேப்பிலை கட்டிய அறை வாசலில் போய் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"சிவசு, வெளிய வா."

உள்ளே விசிறி நின்றது. அவன் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது, பல் ஒன்று விழுந்திருக்கிறது. சுவருக்கு மேலே குரல்தான் வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாது.

"ஆரு உன்னைய உள்ள உட்டது? உன்ற மூஞ்சியக் காட்டறதுக்கு இதான் நேரமா? உள்ளே ஒருத்தன் கெடக்கறான்."

"இந்த மூஞ்சிதான்டா இந்த ரூமுக்குள்ள நொழையலாம். ஆத்தா பாத்துட்டுப் போன மூஞ்சி. உன்ற மூஞ்சி நொழையக் கூடாது. உனக்கு அம்மை குத்துல."

"காலைல எருமை கிட்டச் சொன்னது போதாதா? நாலு பேருக்கு முன்னால என்னைய மாடுன்னு சொல்லிச் சிரிக்கோணுமா உனக்கு?"

"நாலு பேருக்கு முன்னால நீ என்னைய என்ன சொன்னே? அத நான் மறக்கவுமில்ல, மறக்கப் போறதுமில்ல. அதுக்கு இன்னொரு நா வெச்சுக்கலாம். இப்பக் கைய நீட்டு."

"நீட்ட முடியாது. எங்கம்மா பொய் சொல்லமாட்டா."

"எனக்கும் அம்மாதான்டா அவ! உன்னையக் காப்பாத்த ஒரு பொய், என்னையக் காப்பாத்த ஒரு தறிக்குழி. பொய் உன்னையக் காப்பாத்துச்சு. குழி என்னையக் காப்பாத்துல."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "போ வெளிய" என்று கையை ஓங்கினான். அந்தக் கையைத்தான் நான் பிடித்தேன். சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, என் உள்ளங்கையை விரித்து அவன் புஜத்தின் பக்கத்தில் வைத்தேன். இரண்டு வட்டம். ஒரே அளவு. இரண்டும் மழுமழுவென்று வெளுத்த வட்டம்.

"உன்ற காலப் புடிச்சுட்டு இருந்தது நான். நீ ஒதைக்க, அதே மஞ்சள் எங்கையில உழுந்துச்சு. ஏண்டா, உள்ளங்கையில ஆராச்சும் அம்மை குத்துவாங்களா? சொல்லுடா!"

அவன் பார்த்தான். கியாசுதீன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சூடுதானுங்க" என்றார். 

தம்பி தன் தழும்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தான். பிறகு உள்ளே கிடக்கிற சாமியப்பனைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் முத்துக்கு நடுவே முத்து கிளம்பி, கண் திறக்க முடியாமல் கிடந்தான். நேற்று அவனைத் தோளோடு அணைத்துத் தூக்கியது தம்பிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். முகம் வெளிறிப் போயிற்று.

"குத்துங்க" என்றான். என்னிடம் அல்ல, சுவரைப் பார்த்து.

கியாசுதீன் விளக்கைக் கொளுத்திக் கருவியைக் காய்ச்சி, ஆற வைத்து, மருந்தை ஒரு சொட்டு விட்டுத் திருகினார். அத்தனை நேரமும் தம்பி என்னை முறைத்துக்கொண்டே இருந்தான். நானும் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் அவன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டு என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே போனான். நான் உள்ளே போய் விசிறியை எடுத்தேன்.

அந்த அறையில் நான் தங்கினேன். சாமியப்பனுக்கு வேப்பிலையால் தடவிக் கொடுத்து, கஞ்சியும் இளநீரும் புகட்டி, துணியெல்லாம் கொப்பரையில் போட்டு அவித்தேன். சாப்பாட்டைக் கமலாம்பாள் தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள். சாமியப்பன் வலியில் ஆத்தாளையும் திட்டினான், என்னையும் திட்டினான். பதிலுக்கு நானும் திட்டினேன். நூல் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்த கதையைச் சொல்லிச் சொல்லித் திட்டினேன். ஐம்பது வயதில் ஒளிந்து விளையாடுகிறாயா, வெட்கமில்லையா, எழுந்திரு, எழுந்து உன் மூஞ்சியைக் கண்ணாடியில் பார், என் ஜாதியில் சேர்ந்துவிட்டாய் என்றேன். அவன் செத்துப் போகாததற்கு என் வாய்க்குப் பயந்ததுதான் காரணம் என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள்.

என் தம்பிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் விசேஷம். குத்திய ஒரு வாரத்துக்குள் கை தோள் முதல் முழங்கை வரை வீங்கிப் போயிற்று. பெரிதாக ஒரு கொப்புளம், கக்கத்தில் நெறிகட்டு, விடாத காய்ச்சல். கமலாம்பாள் அழுதுகொண்டு கியாசுதீனைக் கூட்டி வந்தாள். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பயப்படற சமாச்சாரமில்லீங்க. மொத மொதல்ல குத்திக்கறவங்களுக்குத்தான் இப்பிடி எழும்பும். சின்னக் கொழந்தைக அழுதுட்டுப் போயிரும். வயசு போயிக் குத்துனாக் கொஞ்சம் வாட்டிப் போடும். மருந்து புடிச்சுருச்சுன்னு அர்த்தமுங்க."

முதன்முதலாக! அதைத் தெருவே கேட்டது. ஆயுசுக்கும் போதும் என்றவன், கைக்குழந்தை மாதிரி முனகிக்கொண்டு கட்டிலில் கிடந்தான். அறைக்குள் எனக்கு அந்த முனகல் கேட்கும். சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன், மனசு குளிர்ந்தது. ஆனாலும் அம்மை வர வேண்டிய நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிகிறதா என்று விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வேறு முனகலாக மாறிவிடுமோ என்று பயம். மாறவில்லை.

சாமியப்பனுக்கு முத்து இறங்கி, தலைக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றி, அறையைச் சாணம் போட்டு மெழுகிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் என் பக்கம் வந்துவிட்டேன். எருமை மெலிந்துபோயிருந்தது. என்னைக் கண்டதும் கத்தியது. அதற்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது. கம்பெனியைத் திறக்கிறான் போலிருக்கிறது.

"ஏ ஓட்டை மெஷினு! ஒருத்தரு வந்து பாத்துட்டுப் போனா இன்னிக்கு பெல்ட்டப் போட்டுரலாம்னு இருக்கறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னைக் கூப்பிடுவதைக்கூட மெஷினிடமா சொல்கிறான்? சாமியப்பன் அறை வாசலில் நான் எருமையோடு போய் நின்றேனா?

"ஏ எருமை!" என்றேன். "கேட்டு தெருப் பக்கம் இருக்குது. பேச வாய் இருக்கறவங்க அந்த வழியா வரட்டும்!"

 வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். தவிட்டை எருமைக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தால், என் கேட்டுக்குள் நிற்கிறான். காலை நேரம், அவன் இன்னும் வேலை எதையும் தொடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். புஜத்தில் மஞ்சள் சுட்ட வட்டத்துக்குக் கீழே புதிதாக ஒரு தழும்பு, பொருக்கு உதிர்ந்து, குழிகுழியாக. என் முகத்தில் இருக்கிற அதே குழி.

"எது ரொம்ப வலிச்சுது?" என்றேன். "அதா, இதா?"

"ரெண்டும் இல்ல" என்றான். "நீ வாசப்படியில வந்து நின்னதுதான்."

மன்னிப்பு எதையும் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொன்னது சொன்னதுதான், இந்த ஜென்மத்தில் அது அழியாது. அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நெற்றி, கன்னம், மோவாய் என்று ஒரு வடு விடாமல் பார்த்தான். பிறகு திரும்பிப் போய்விட்டான்.

நான் எருமை பக்கத்திலேயே நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெல்ட் போடுகிற சத்தம் கேட்டது. அப்பா காலத்து மெஷின் ஒருமுறை முக்கியது. காலங்காத்தாலே என் மூஞ்சியில் முழித்துவிட்டுப் போட்ட பெல்ட் அது. பிறகு கடகடவென்று, கேட்கச் சகிக்காத அதே சத்தத்தோடு, ஓட ஆரம்பித்தது.